பழைய புல் வெட்டும் மெஷினைச் சரிசெய்து பெயிண்ட் அடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அப்பா சிங்கப்பூரில், செம்பவாங்கில் ஆங்கிலேயர் காலத்துக் கறுப்பு வெள்ளை பங்களா ஒன்றில் தோட்ட வேலை பார்த்தவர். 1989இல் அங்கே தங்கியிருந்த நியூசிலாந்துப் படை ஊர் திரும்பியபோது, அந்த வீட்டுக்காரர்கள் தங்கள் தள்ளு மெஷினை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். பிறகு அது சிலேத்தார் ஹில்ஸில் இருக்கும் அக்கா வீட்டில், மாடிப்படிக்குக் கீழே இருபது வருடத்துக்கு மேல் கிடந்தது. அதை எடுத்துச் சரிசெய்து பெயிண்ட் அடித்து, இன்று அக்கா வீட்டுப் புல்லை அதிலேயே வெட்டுகிறேன். அதைப் பார்த்த உறவினர்களும் நண்பர்களும் தங்கள் மெஷின்களோடு வரத் தொடங்கினார்கள். ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் எல்லாவற்றுக்கும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இரண்டு வகை மெஷின்களைப் பற்றிப் பேசுகிறேன். ஒன்று, கையால் தள்ளினால் உருளைக் கத்தி சுற்றும் தள்ளு மெஷின். மற்றது, அடியில் ஒரே கத்தி விசிறிபோல் சுற்றும் பெட்ரோல் மெஷின்.

புதிதாக ஒன்று வாங்கினால் ஆகாதா? இத்தனை மெனக்கெட வேண்டுமா?

புல் மட்டும்தான் வெட்ட வேண்டும் என்றால் புதிதாகவே வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் பழைய தள்ளு மெஷினின் பக்கச் சட்டம் வார்ப்பிரும்பு, கத்தி கெட்டி எஃகு. அது தேயத் தேயத் தீட்டலாம், கழற்றிக் கழற்றி மாட்டலாம். இப்போது வரும் மலிவான மெஷின்களில் பல பாகங்கள் பிளாஸ்டிக். ஒன்று உடைந்தால் முழுசும் குப்பைக்குத்தான். உங்களிடம் இருப்பது தாத்தா தள்ளியது, அப்பா தள்ளியது என்றால் கேள்விக்கே இடமில்லை. சரிசெய்யுங்கள்.

இங்கே பழைய மெஷின் எங்கே கிடைக்கும்? எதைப் பார்த்து வாங்குவது?

முன்பு சுங்கை ரோடு சந்தைக்குப் போனால் எதுவும் கிடைக்கும். 2017 ஜூலை 10ஆம் தேதியோடு அதை மூடிவிட்டார்கள். இப்போது கேரசெல் இணையச் சந்தை, வீடு காலி செய்கிறவர்கள், பழைய சாமான் வாங்கும் காராங்கூனிக்காரர்கள்தான் வழி. சிராங்கூன் கார்டன்ஸ், சிலேத்தார் போன்ற தரைவீட்டுப் பகுதிகளில் பழைய வீட்டை இடித்துக் கட்டும்போது கொட்டகையிலிருந்து வெளியே வரும்.

துருவைப் பார்த்துப் பயப்படாதீர்கள். வெடிப்பைப் பார்த்துப் பயப்படுங்கள். தள்ளு மெஷினில் பக்கச் சட்டத்தை விரலால் தடவி, மயிரிழைக் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிட்டால் அதை ஒட்ட வைக்கத் தேர்ந்த வெல்டர் வேண்டும், கூலியும் அதிகம். பெட்ரோல் மெஷினில் கத்தியை மூடியிருக்கும் தளத்தட்டின் அடிப்பக்கத்தைத் திருப்புளியால் அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் விட்டுவிடுங்கள். ஸ்டார்ட் செய்யும் கயிற்றை மெதுவாக இழுக்கும்போது ஒரு கட்டத்தில் எதிர்த்து நிற்க வேண்டும். அப்படி நின்றால் சிலிண்டரில் அழுத்தம் இருக்கிறது, இன்ஜின் பிழைக்கும்.

நான் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். இங்கேயே செய்யலாமா?

பாதி வேலையைச் செய்யலாம். கழற்றுவது, சின்னப் பாகங்களைச் சுத்தம் செய்வது, கைப்பிடியைத் தேய்ப்பது, எழுத்துகளுக்கு வண்ணம் தீட்டுவது எல்லாம் வீட்டுக்குள் பழைய தமிழ் முரசு விரித்துச் செய்கிற வேலைதான். நானும் ஈசூனில் என் வீட்டுச் சமையலறைத் தரையில்தான் செய்தேன்.

ஸ்பிரே அடிப்பதையும் பெட்ரோல் வைத்துக்கொள்வதையும் வீட்டுக்குள் செய்யாதீர்கள். தாழ்வாரத்திலும் வேண்டாம், புளோக்கின் கீழ்த்தளத்திலும் வேண்டாம். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி எப்போதும் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. பெட்ரோல் டாங்கோடு ஒரு மெஷின் அங்கே நிற்பது அண்டை வீட்டாருக்கும் ஆபத்து. தரைவீட்டில் இருக்கும் சொந்தக்காரரிடம் கார் நிறுத்தும் இடத்தை இரண்டு நாள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் அவர்கள் வீட்டுப் புல்லை ஒரு முறை வெட்டிக் கொடுத்தால் போதும்.

கிரைண்டர் போன்ற சத்தக் கருவிகளை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. வீவக வீடுகளில் இரைச்சலான புதுப்பிப்பு வேலைகளுக்கு வார நாட்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் அனுமதி. உங்கள் வேலைக்கும் அதையே கணக்காக வைத்துக்கொண்டால் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள்.

முதலில் எதில் கை வைப்பது?

பெட்ரோல் மெஷின் என்றால் ஸ்பார்க் பிளக் வயரைப் பிடுங்கித் தள்ளி வையுங்கள். கயிற்றையே தொடாமல் கத்தியைக் கையால் திருப்பினால்கூடச் சில நேரம் இன்ஜின் ஒரு சுற்று உதைக்கும். அந்த ஒரு சுற்றில் விரல் போய்விடும். அடுத்து பெட்ரோலை வடித்துவிடுங்கள். அடிப்பக்கம் பார்க்கச் சாய்க்கும்போது, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் மேலே இருக்கும்படி சாய்க்க வேண்டும். மாற்றிச் சாய்த்தால் ஆயில் ஏர் பில்டருக்குள் இறங்கிவிடும்.

அப்புறம் போட்டோ. நாலு பக்கமும், மேலும் கீழும், ஒவ்வொரு ஸ்பிரிங் மாட்டியிருக்கும் துளையும். குறிப்பாக இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் ஸ்பிரிங். "ஞாபகம் இருக்கும்" என்று நினைக்காதீர்கள், இரண்டு வாரம் கழித்து இருக்காது. கழற்றும் போல்ட்டுகளைக் காலியான முட்டைத் தட்டில் வரிசையாகப் போட்டு, எது எங்கிருந்து வந்தது என்று பக்கத்தில் எழுதி வையுங்கள்.

போல்ட் அசையவே மாட்டேன் என்கிறது. சுத்தியலால் அடிக்கலாமா?

வார்ப்பிரும்பில் அடிக்காதீர்கள், விரிசல் விடும். துருப்பிடித்த போல்ட்டில் ஊடுருவும் எண்ணெய் தெளித்து ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் இன்னொரு முறை தெளியுங்கள். ஸ்பேனரைப் போட்டு முதலில் இறுக்கும் பக்கம் மயிரளவு திருப்பி, பிறகு கழற்றும் பக்கம் திருப்புங்கள். அப்படியே முன்னும் பின்னுமாக. அப்பாவின் மெஷினில் ஒரே ஒரு போல்ட்டுக்கு நான்கு நாள் ஆனது. ஐந்தாம் நாள் கையால் கழன்றது. அவசரப்பட்டுத் தலை முறிந்திருந்தால் துளை போட்டு, புரி வெட்டி, பெரிய வேலையாகியிருக்கும்.

துருவை எடுக்க எது நல்ல வழி? புளி போட்டுத் தேய்க்கலாமா?

குத்துவிளக்குக்குப் புளி போடுவது பழக்கம் என்பதால் இதை நிறையப் பேர் கேட்கிறார்கள். லேசான துருவுக்குப் புளியும் வேலை செய்யும், அதில் இருக்கும் டார்டாரிக் அமிலம்தான் காரணம். ஆனால் மெஷின் அளவுக்குக் கட்டுப்படியாகாது, பிசுபிசுப்பும் போகாது. அதே வேலையைச் சிட்ரிக் அமிலம் சுத்தமாகச் செய்யும். கேக் செய்யும் பொருட்கள் விற்கும் கடையில் தூளாகக் கிடைக்கிறது. ஒரு லிட்டர் வெந்நீருக்கு 100 கிராம் கரைத்து, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் கழுவிய பாகங்களை அதில் ஊறப் போடுங்கள். சில மணி நேரத்துக்கு ஒரு முறை எடுத்துக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். ஒரு ராத்திரிக்கு மேல் ஊற விட்டால் அமிலம் துருவை முடித்துவிட்டு இரும்பையே தின்ன ஆரம்பிக்கும்.

பெரிய பாகங்களுக்கு மின்சார முறைதான் எனக்குப் பிடித்தது. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், 5 லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா, ஒரு பழைய கார் பேட்டரி சார்ஜர், வீணாய்ப் போன ஓர் இரும்புத் துண்டு. சார்ஜரின் நெகட்டிவ் நம் பாகத்துக்கு, பாசிட்டிவ் அந்தப் பலி இரும்புக்கு. இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. ஸ்விட்ச் போட்டதும் பாகத்தைச் சுற்றிப் பொடிக் குமிழ் எழும். ஐந்தாறு மணி நேரத்தில் துரு கறுப்புச் சேறாக இளகி, தேய்த்தால் வந்துவிடும். நல்ல இரும்பு கொஞ்சமும் கரையாது. வயரை மாற்றிக் கொடுத்தால் உங்கள் பாகம் கரைந்துவிடும், இரண்டு முறை பாருங்கள். அந்தக் குமிழில் ஹைட்ரஜன் இருக்கிறது, அதனால் திறந்த இடத்தில்தான் செய்ய வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. பலி இரும்புக்குப் பதில் எவர்சில்வர் கரண்டி போடாதீர்கள். அதிலுள்ள குரோமியம் நச்சாகத் தண்ணீரில் இறங்கும்.

அப்பாவின் மெஷினில் பக்கச் சட்டத்தை இப்படித் தொட்டியில் போட்டு எடுத்தபோது நடந்ததைச் சொல்கிறேன். மூன்று அடுக்குப் பெயிண்ட் அதன் மேல். பச்சை, அதற்கடியில் கறுப்பு, அதற்கடியில் மறுபடி பச்சை. பிரஷ்ஷால் ஒரு தேய் தேய்த்ததும் மூன்றும் சேர்ந்து தோலாக உரிந்தன. அதுவரை வெறும் மேடு பள்ளமாகத் தெரிந்த இடத்தில் எழுத்துகள் எழுந்தன. வார்ப்பிலேயே வந்த எழுத்துகள். ஓரம் மழுங்காமல், நகத்தால் வருடினால் ஒவ்வொன்றும் தட்டுப்பட்டது. அப்பா அவ்வளவு வருடம் தள்ளினாரே, அவருக்கே அங்கே பெயர் இருந்தது தெரிந்திருக்காது.

நம் ஊருக்கே உரிய இன்னொரு எச்சரிக்கை. ஊறல் தொட்டியை மூடியே வையுங்கள். வேலை முடிந்த அன்றே கவிழ்த்துவிடுங்கள். தலைகீழாகக் கிடக்கும் மெஷின் தட்டில் மழைத் தண்ணீர் தேங்கினாலும் ஏடிஸ் கொசு முட்டையிடும், அபராதமும் வரும்.

என் மெஷினின் தளத்தட்டு அலுமினியம். இதே முறைதானா?

இல்லை. முதலில் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அலுமினியம். அதற்குச் சோடாத் தொட்டியும் வேண்டாம், காஸ்டிக் சோடா கலந்த அடுப்புக் கிளீனரும் வேண்டாம், இரண்டும் அரித்துவிடும். பாத்திர சோப்பு, நைலான் பிரஷ், அப்புறம் உப்புத்தாள். பெயிண்ட்டுக்கு அடியில் பூசும் பிரைமரும் வேறு. அலுமினியத்தைப் பிடித்துக்கொள்ள எட்ச் பிரைமர் என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண பிரைமர் ஆறு மாதத்தில் செதிலாக வரும்.

பழைய பெயிண்ட்டை எப்படி எடுப்பது? சுரண்டலாமா?

பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அதனால் உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள், ஹீட் கன்னும் வேண்டாம். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளால் ஈரமாகவே தேயுங்கள், வந்த சேற்றைக் காகிதத்தில் துடைத்து மூட்டை கட்டிப் போடுங்கள். முகமூடி, கையுறை கட்டாயம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்த வேலை வீட்டிலேயே வேண்டாம். தூசிக்கு என்95 போதும், ஆனால் தின்னர் ஆவியை அது தடுக்காது. ஸ்பிரே அடிக்கும்போது கரிப்பெட்டி வைத்த முகமூடி வேண்டும்.

உலோகம் தெரியும்வரை எல்லா இடத்திலும் எடுக்க வேண்டும் என்றில்லை. கெட்டியாகப் பிடித்திருக்கும் பெயிண்ட்டை 240 நம்பர் உப்புத்தாளால் மங்கலாக்கினால் போதும், அதன் மேலேயே பிரைமர் போகும்.

தள்ளு மெஷினின் கத்தியை எப்படித் தீட்டுவது? சாணை பிடிக்கக் கொடுக்கலாமா?

தயவுசெய்து கிரைண்டரில் வைக்காதீர்கள். உருளைக் கத்தியின் ஐந்து அல்லது ஆறு அலகுகளும் சேர்ந்து ஒரே வட்டத்தில் சுற்ற வேண்டும். ஓர் அலகை மட்டும் அதிகம் தேய்த்துவிட்டால் அது கீழ்க்கத்தியைத் தொடாது.

இந்த மெஷின் வேலை செய்யும் விதம் தெரிந்தால் தீட்டுவதும் புரியும். 1830இல் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பக்கம் எட்வின் பட்டிங் என்பவர் இதைக் கண்டுபிடித்தார். துணி ஆலையில் கம்பளித் துணியின் மேல் நிற்கும் பஞ்சு மயிரைச் சமமாக நறுக்கும் உருளையைப் பார்த்துத்தான் புல்லுக்கும் அதைச் செய்தார். ஆகவே இது கத்தரிக்கோல். உருளை அலகு ஒரு பக்கம், அசையாத கீழ்க்கத்தி மறுபக்கம், நடுவில் புல். கத்தரிக்கோலைப் போலவே கூர்மையைவிட இரண்டும் சேரும் விதம்தான் முக்கியம்.

இன்ஜின் வால்வு தீட்டும் பேஸ்ட் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். ஜாலான் புசார் பக்கம் போனால் ஒரே தெருவில் நாலு கடை பார்க்கலாம். அதைக் கொஞ்சம் எண்ணெயில் குழைத்து அலகுகளின் ஓரத்தில் தடவி, உருளையை வெட்டும் திசைக்கு எதிராகச் சுற்றுங்கள். சக்கரத்தைக் கழற்றிவிட்டு உருளையின் அச்சை டிரில்லில் மாட்டி மெதுவாகச் சுற்றினால் சுலபம். ஆரம்பத்தில் 'கர்ர்' என்று கரடாகக் கேட்கும், போகப் போகச் சத்தம் மெலியும். அலகின் ஓரம் முழுவதும் ஒரே மாதிரி மெல்லிய வெள்ளிக் கோடு ஓடினால் நிறுத்தலாம். பேஸ்ட்டை மண்ணெண்ணெயில் முழுக்கக் கழுவிவிடுங்கள். துளி மிச்சமிருந்தாலும் பேரிங்குக்குள் போய் அதையும் தீட்டும்.

பிறகு கீழ்க்கத்தியின் இரு பக்கத் திருகுகளையும் எட்டில் ஒரு சுற்று, எட்டில் ஒரு சுற்று என்று மாற்றி மாற்றி இறுக்குங்கள். செய்தித்தாளை விரல் அகலத்துக்குக் கிழித்து இடையில் நீட்டி, உருளையைக் கையால் திருப்புங்கள். விரல் மட்டும் தள்ளி இருக்கட்டும். இடது ஓரம், நடு, வலது ஓரம் மூன்றிலும் காகிதம் 'சரக்' என்று நறுக்கி விழ வேண்டும். மடங்கினால் இடைவெளி அதிகம். உருளை சுற்றவே கஷ்டப்பட்டால் இறுக்கம் அதிகம். என் மகன் பள்ளிப் பிள்ளை. இந்தக் காகிதச் சோதனைக்கு மட்டும் கூப்பிடாமலே வந்து நிற்பான்.

எல்லாம் மாட்டிவிட்டேன். சக்கரம் சுற்றுகிறது, கத்தி சுற்றவில்லை. ஏன்?

சக்கரத்துக்குள் இருக்கும் சின்னப் பல்லை இடம் வலம் மாற்றி மாட்டியிருப்பீர்கள். முன்னால் தள்ளும்போது பிடித்துக்கொண்டு, பின்னால் இழுக்கும்போது வழுக்கிவிடும் பல் அது. இரண்டு பக்கமும் பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் திசை வேறு. கழற்றும்போதே பக்கத்துக்கொரு பையில் போட்டு 'இடது', 'வலது' என்று எழுதிவிடுங்கள்.

பெட்ரோல் மெஷின் எத்தனை இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகவில்லை.

பத்தில் பெரும்பாலானவை பழைய பெட்ரோலால் வரும் தொல்லை. மாதக்கணக்கில் நின்ற பெட்ரோல் கார்புரேட்டருக்குள் பிசினாகிவிடும். கழற்றிக் கிளீனர் தெளித்து, பெட்ரோல் வரும் ஜெட்டின் துளையை மின் வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்புக் கம்பியால் குத்தி எடுங்கள். ஊசியால் குத்தினால் துளை பெரிதாகி, பிறகு இன்ஜின் கறுப்புப் புகையாகக் கக்கும்.

அடுத்தது பொறி. பிளக்கைக் கழற்றி, வயரில் மாட்டி, உடலை இன்ஜின் உலோகத்தில் தொட வைத்து இழுங்கள். நீலப் பொறி வந்தால் நல்லது. பிளக்கின் இடைவெளி பல மெஷின்களில் 0.7 முதல் 0.8 மி.மீ. வரை. பொறியே இல்லை, மெஷினும் 1980களுக்கு முந்தையது என்றால் பிளைவீல் என்ற கனத்த சுழல் சக்கரத்துக்கு அடியில், பொறியைத் தூண்டும் கான்டாக்ட் பாயின்ட் இருக்கும். அதில் பூத்திருக்கும் துருவை மெல்லிய உப்புத்தாளால் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் பல மெஷின்கள் உயிர் பெற்றுவிடும். காயிலுக்கும் பிளைவீலுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு கனத்துக்கு இடைவெளி விட்டு மாட்டுங்கள்.

பொறியும் இருக்கிறது, பெட்ரோலும் வருகிறது, ஆனால் கயிறு கையைத் திருப்பி இழுக்கிறது என்றால், எப்போதோ கத்தி கல்லில் மோதியிருக்கிறது. பிளைவீலைப் பிடித்திருக்கும் சின்ன அலுமினியச் சாவி பாதி வெட்டுப்பட்டு நேரக் கணக்கு மாறியிருக்கும். சில வெள்ளிக்குப் புதுச் சாவி கிடைக்கும்.

ஆயில், நான்கு ஸ்ட்ரோக் என்றால் எஸ்ஏஇ 30. நம் ஊர் வெயிலுக்கு அது பொருத்தம். இரண்டு ஸ்ட்ரோக் மெஷினில் ஆயிலைப் பெட்ரோலிலேயே கலக்க வேண்டும். 25:1 என்று எழுதியிருந்தால் ஒரு லிட்டருக்கு 40 மி.லி. ஆஸ்திரேலிய விக்டா மெஷின்கள் சில இங்கே வந்திருக்கின்றன, பழையவை பெரும்பாலும் இரண்டு ஸ்ட்ரோக்தான். 1952இல் சிட்னியில் மெர்வின் ரிச்சர்ட்சன் முதல் விக்டாவைச் செய்தபோது பெட்ரோல் டாங்குக்குப் பழ டின் ஒன்றைத்தான் வைத்தார். அப்படி எளிமையாகப் பிறந்த மெஷின் என்பதால் பழுதுபார்க்கவும் எளிது.

பெட்ரோல் மெஷின் கத்தியை நானே தீட்டலாமா?

தீட்டலாம். அரத்தால், பழைய சாய்வு மாறாமல், இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை. பிறகு நடுத்துளையைச் சுவர் ஆணியில் மாட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் தேயுங்கள். 53 செ.மீ. கத்தி நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றினால் அதன் நுனி மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் போகிறது. எடை சமமில்லாத கத்தி அந்த வேகத்தில் அச்சையே வளைத்துவிடும். விரிசல் விட்ட கத்தியைத் தீட்டாதீர்கள், தூக்கிப் போடுங்கள்.

பெயிண்ட் அடிக்க நல்ல நேரம் எது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். வெளிநாட்டு வீடியோக்களில் காட்டும் முறை நம் ஊரில் தோற்பதற்கு ஈரப்பதம்தான் காரணம்.

சிங்கப்பூரில் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும். மழையில்லாத நாளில் நடுப்பகலுக்குப் பிறகு 60 சதவீதம் வரை இறங்கும். பெரும்பாலான பெயிண்ட்டுகளுக்கு 85 சதவீதத்துக்கு மேல் அடிக்கக் கூடாது என்று கணக்கு. ஆகவே காலையில் சுத்தம், பதினொரு மணிக்கு மேல் பெயிண்ட், மூன்று மணிக்குள் முடிவு. நேர் வெயிலில் வைக்காதீர்கள், மேல் தோல் மட்டும் காய்ந்து உள்ளே குமிழ் விடும். நிழலில், காற்றோட்டத்தில். குளிர்சாதன அறையில் வைத்திருந்த பாகத்தை எடுத்து வந்து உடனே அடிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாமல் அதன் மேல் வியர்த்திருக்கும். மாதங்களில் பிப்ரவரி நல்லது. நவம்பர் முதல் ஜனவரி வரை மழை அதிகம், அப்போது இன்ஜின் வேலையைப் பாருங்கள்.

துரு எடுத்த அன்றே பிரைமர் போட்டுவிட வேண்டும், இதில் எனக்குச் சமரசமே கிடையாது. பளபளவென்று எடுத்த இரும்பு, நம் காற்றில் ஒரு ராத்திரி சும்மா இருந்தாலே காலையில் மஞ்சள் பூக்கும். அமிலத்திலிருந்து எடுத்ததும் சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசி, துடைத்து, முடி உலர்த்தும் மெஷினால் சூடு காட்டி, தின்னர் தொட்ட துணியால் ஒரு முறை துடைத்து, கை படாமல் பிரைமர் அடியுங்கள். அன்று நேரமில்லை என்றால் அன்று துருவையே எடுக்காதீர்கள். இரும்புக்கு ரெட் ஆக்ஸைடு அல்லது ஜிங்க் பாஸ்பேட் பிரைமர், இரண்டு பூச்சு. காய்ந்ததும் 400 நம்பரால் லேசாகத் தேய்த்து, மேல் பெயிண்ட் மெல்லிசாக மூன்று பூச்சு. டப்பாவை இரண்டு நிமிடம் குலுக்கி, ஒரு சாண் தூரத்துக்குச் சற்று அதிகமாக வைத்து, பாகத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடியுங்கள். எத்தனை நேரத்துக்குள் அடுத்த பூச்சு என்பது டப்பாவிலேயே இருக்கும். பல எனாமல்களில் ஒரு மணி நேரத்துக்குள் அடிக்க வேண்டும், தவறினால் ஒன்று இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். நடுவில் அடித்தால் பெயிண்ட் சுருங்கி, பால் ஏடு போல் மடிந்துவிடும்.

பெயிண்ட் காய்ந்தபின் வெள்ளையாக மங்கிவிட்டது. என்ன செய்தேன்?

எனக்கும் இது நடந்தது. டிசம்பர் மாதம், மழை ஓய்ந்த ஒரு சாயங்காலம். சட்டங்கள் இரண்டும் தயாராக இருந்தன, பொறுக்க முடியாமல் அடித்துவிட்டேன். அரை மணியில் கரும்பச்சையின் மேல் புகை படிந்தாற்போல் வெண்மை. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலிருக்கும் ஈரம் பெயிண்ட்டுக்குள் சிக்கிக்கொள்கிறது. போதாததற்கு மழை ஓய்ந்ததும் ஈசல் கிளம்பி ஈரப் பெயிண்ட்டில் ஒட்டிக்கொண்டது. இறகை எடுக்கப் போய் விரல் தடமும் விழுந்தது. அன்று மனசு விட்டுப்போனது உண்மை. அக்காதான், "காயட்டும்டா, காலையில பார்த்துக்கலாம்" என்று விளக்கை அணைத்துவிட்டுப் போனார்.

லேசான மங்கல் என்றால் காய்ந்த ஒரு மதியத்தில் மேலே மெல்லிய பூச்சு ஒன்று அடித்தாலே தெளியும். என்னுடையது அடர்த்தியாக இருந்ததால் ஒரு வாரம் காயவிட்டு, 600 நம்பரால் ஈரம் தொட்டுத் தேய்த்து, மறுபடி அடித்தேன்.

ஸ்பிரேயா, பிரஷ்ஷா?

தள்ளு மெஷினுக்குப் பிரஷ்தான் அழகு என்பது என் அபிப்பிராயம். வார்ப்பிரும்பின் சொரசொரப்பில் எனாமல் தானாகச் சமன்படும், கனமும் கிடைக்கும், பெயிண்ட்டும் காற்றில் வீணாகாது. காய ஒரு நாள் ஆகும். பெட்ரோல் மெஷினின் தளத்தட்டு வழுவழுப்பான தகடு என்பதால் அதற்கு ஸ்பிரே.

என்ன நிறம்? எழுத்துகளை எப்படி எடுப்பாக்குவது?

போல்ட் தலைக்கு அடியிலும் வாஷருக்குக் கீழும் பாருங்கள், வெயில் படாத முதல் நிறம் அங்கே இருக்கும். அந்த வாஷரையே கடைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். வார்ப்பு எழுத்துகளுக்கு மேல் பெயிண்ட் நன்றாகக் காய்ந்த பிறகு, ரப்பர் துண்டில் கொஞ்சம் மாற்று நிறம் தொட்டு எழுத்தின் முகத்தில் மட்டும் ஒற்றுங்கள். நான் இளமஞ்சள் வைத்தேன். பழைய ஸ்டிக்கர் நன்றாக இருந்தால் அதை எடுக்காதீர்கள். அதன் மேல் வேசலின் பூசிவிட்டு அடித்தால் அங்கே பெயிண்ட் ஒட்டாது, துடைத்துவிடலாம்.

சைலன்சருக்கும் இன்ஜினுக்கும்?

சைலன்சருக்கு 600 டிகிரி தாங்கும் பெயிண்ட். அது இன்ஜின் சூட்டில்தான் முழுசாக இறுகும், முதல் முறை ஓட்டும்போது புகையும், பயப்படாதீர்கள். இன்ஜின் விலாச் செதில்களுக்கு மெல்லிய ஒரு பூச்சுக்கு மேல் வேண்டாம், சூடு வெளியேறாது. திருகுப் புரி, பிளக் உட்காரும் இடம் இவற்றில் பெயிண்ட் படாமல் டேப் ஒட்டுங்கள்.

மரக் கைப்பிடியையும் புதிதாக்க வேண்டுமா?

உளுத்திருந்தால் மாற்றுங்கள். இல்லையென்றால் அழுக்கை மட்டும் கழுவி ஆளிவிதை எண்ணெய் பூசுங்கள். அப்பாவின் மெஷினில் வலது பக்கக் கைப்பிடி மட்டும் உள்ளங்கை அளவுக்குக் குழிந்திருக்கிறது. அதில் நான் உப்புத்தாள் வைக்கவில்லை. எண்ணெய் தொட்ட துணியை உருட்டிப் போடாதீர்கள், தானே தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்து, தண்ணீரில் நனைத்துக் குப்பையில் போடுங்கள்.

பழைய ஆயில், தின்னர் இதையெல்லாம் எங்கே கொட்டுவது?

சாக்கடையில் கூடாது. நம் சாக்கடைகளில் பெரும்பாலானவை கடைசியில் நாம் குடிக்கும் நீர்த்தேக்கத்துக்குத்தான் போகின்றன. ஆயிலைப் பாட்டிலில் அடைத்து, நீங்கள் வழக்கமாகப் போகும் கார் அல்லது மோட்டார்சைக்கிள் பட்டறையில் கேளுங்கள், அவர்கள் தங்கள் பழைய ஆயிலோடு சேர்த்துக்கொள்வார்கள். தின்னரை அப்படியே மூடி வைத்தால் பெயிண்ட் அடியில் தங்கும், மேலே தெளிந்ததை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

தள்ளு மெஷின் நம் ஊர்ப் புல்லை வெட்டுமா?

வெட்டும், ஆனால் வளரவிட்டால் வெட்டாது. இங்கே வீடுகளில் பெரும்பாலும் அகல இலை கொண்ட மாட்டுப் புல். அது கணுக்கால் உயரம் போய்க் கதிர் விட்டுவிட்டால் உருளை அதைச் சாய்த்துவிட்டுப் போகும். மழைக் காலத்தில் வாரம் ஒரு முறை தள்ளினால் நன்றாக நறுக்கும். காலை ஈரம் காய்ந்த பிறகு தள்ளுங்கள். லாலாங் புல்லுக்கு இது ஆகாது, அதற்கு அரிவாள்தான்.

இவ்வளவு செய்தபின் பெயிண்ட் எத்தனை நாள் நிற்கும்?

அப்பாவின் மெஷினில் நாலாவது வருடம் ஓடுகிறது. கீழ்க்கத்தித் தாங்கியில் கல் தெறித்த இரண்டு இடத்தைத் தவிர வேறெங்கும் துரு இல்லை. ஒவ்வொரு முறையும் வெட்டி முடித்ததும் ஒட்டிய புல்லைப் பிரஷ்ஷால் தட்டி, கத்திகளை எண்ணெய்த் துணியால் துடைத்து, சக்கர அச்சில் இரண்டு சொட்டு விட்டு, சிமெண்டுத் தரையில் படாமல் பலகை மேல் வைக்கிறேன். தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதே இல்லை. மிச்சப் பெயிண்ட்டை ஒரு சின்ன ஜாம் பாட்டிலில் ஊற்றி, நிறமும் தேதியும் எழுதி அக்கா வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். கல் தெறித்தால் அன்றைக்கே ஒரு பொட்டு.